காந்தம், அலசு தட்டு, பாதரச விளக்கு: மூன்று பை கிரானைட்டின் பூர்வீகம் தேடியது

கிரானைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் கண்ணில் படுவது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் கறுப்பு மைக்கா (பயோடைட்). இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லா கிரானைட்டிலும் இருக்கும் என்பதால், அந்தப் பாறை எது உருகி வந்தது என்று இவற்றை வைத்துச் சொல்வது கஷ்டம். துணைக் கனிமங்கள் என்று இன்னொரு கூட்டம் உள்ளே ஒளிந்திருக்கிறது: சிர்கான், அபடைட், மோனசைட், டைட்டனைட், அல்லனைட், மேக்னடைட், இல்மனைட். எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் எடையில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. ஆனால் மாக்மாவின், அதாவது உருகிய பாறைக் குழம்பின், பூர்வீகம் இதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வகம் எதுவும் இல்லாமல், வீட்டுக் கொல்லைப்புறத்தில் இவற்றைப் பிரித்தெடுத்து வகை சொல்ல முடியுமா என்று பார்த்தேன். பெரும்பாலும் முடிகிறது. முடியாத இடமும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருப்பது கான்பெராவில். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் ஐ வகை, எஸ் வகை என்ற பாகுபாடே இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பார்த்துப் பிறந்ததுதான். புரூஸ் சாப்பல், ஆலன் வைட் இருவரும் 1974ல் அதை வெளியிட்டார்கள், கட்டுரை மொத்தமே இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தை வைத்து அப்புறம் அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அனற்பாறை (குழம்பு இறுகிய பாறை) உருகி வந்தது ஐ வகை, படிவுப்பாறை உருகி வந்தது எஸ் வகை, இதுதான் சாரம்.

ஏன் இது துணைக் கனிமங்களில் தெரிய வேண்டும்? பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. அதிலிருந்த கால்சியமும் சோடியமும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும், அலுமினியம் மட்டும் களிமண்ணில் தங்கிவிடும். அந்தக் களிமண் படிந்து, இறுகி, பூமிக்கடியில் போய் உருகினால் கிடைக்கும் குழம்பில் அலுமினியம் தூக்கலாகவும் கால்சியம் பஞ்சமாகவும் இருக்கும். டைட்டனைட் உருவாகக் கால்சியம் வேண்டும், அது இல்லாததால் டைட்டானியம் இல்மனைட்டுக்கும் பயோடைட்டுக்கும் போய்விடுகிறது. அருமண் தனிமங்களின் கதையும் அதேதான், கால்சியம் இருந்தால் அல்லனைட்டில் குடியேறும், இல்லாவிட்டால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மோனசைட் ஆகும். இதற்கு மேல், படிவுப்பாறையில் புதைந்த உயிர்ப்பொருளின் கரி உருகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் இரும்பு முழுசாக ஆக்சிஜனேற்றம் அடையாது, மேக்னடைட் வராது. ஆக ஐ வகையில் மேக்னடைட், டைட்டனைட், அல்லனைட், எஸ் வகையில் இல்மனைட், மோனசைட். ஏட்டில் இருப்பது இவ்வளவுதான்.

மூன்று இடத்தில் மாதிரி எடுத்தேன். கூமா ஊரையொட்டி ஒன்று; கூமாவிலிருந்து பிரௌன் மவுண்டன் இறக்கம் வழியாகக் கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் பெம்போகா அருகே ஒன்று; பெர்ரிடேல் பக்கம் ஒரு சாலை வெட்டில் வெளுத்துப்போன கல் ஒன்று. தேசியப் பூங்காவுக்குள் கல் எடுக்கக் கூடாது, அதனால் கோசியஸ்கோ பக்கமே போகவில்லை. தனியார் மேய்ச்சல் நிலம் என்றால் வேலியைத் தாண்டுவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் கைப்பிடி அளவு புதுக்கல்லும், இரண்டு கிலோ உளுத்த கல்லும். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பைகளைக் கலைத்து எண் மட்டும் போட்டுக் கொடுத்தார், எந்தப் பை எந்த ஊர் என்று எழுதிய தாள் அவரிடம். ஊர் தெரிந்தால் கண்ணுக்கு மோனசைட் வேண்டிய இடத்தில் மோனசைட்தான் தெரியும், அதற்காக.

உளுத்த கல்லை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அது கையால் பிசைந்தாலே உதிரும். ஃபெல்ட்ஸ்பார் மாவாகிப்போயிருக்கும், சிர்கானும் மோனசைட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். புதுக்கல்லைச் சுத்தியலால் உடைத்தால் படிகங்கள் உடைவது ஒரு பக்கம், சுத்தியலின் இரும்புத் தூள் கலந்து காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்வது பெரிய தலைவலி. உடைத்தே ஆக வேண்டும் என்றால், காந்தத்தில் வந்ததை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சுத்தியல் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும், மேக்னடைட் கறுப்பாகவே இருக்கும். உலர்ந்த கல்லை முகமூடி இல்லாமல் உடைக்கவே வேண்டாம், குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு எமன். ஆற்று மணலும் எடுக்காதீர்கள், மேலே உள்ள எல்லாப் பாறையும் அதில் கலந்திருக்கும்.

முதல் சோதனை புதுக்கல்லில், எதையும் உடைக்காமல். சின்ன நியோடிமியம் காந்தத்தை மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் எண் பை காந்தத்தைத் தெளிவாக இழுத்தது, மற்ற இரண்டிலும் அசைவே இல்லை. இது விளையாட்டுச் சோதனை மாதிரித் தெரிந்தாலும் அடிப்படை உறுதியானது. ஜப்பானில் ஷுன்சோ இஷிஹாரா 1977ல் கிரானைட்டுகளை மேக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை என்று இரண்டாகப் பிரித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். காந்த ஏற்புத்திறன் எஸ்.ஐ. அலகில் சுமார் 0.003 என்பது பொதுவாகப் பயன்படுத்தும் எல்லைக்கோடு. அதை அளக்கக் கைக்கருவி விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு நூலுக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்தது அலசல். உளுத்த கல்லை வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, கலங்கலை ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, தெளியும்வரை இதையே செய்யணும். களிமண் போகாமல் தட்டில் போட்டால் நுண்ணிய சிர்கான் எல்லாம் சேற்றோடு மிதந்து போய்விடும். பிறகு மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த நுண்மணலைத் தங்கம் அலசும் தட்டில் போட்டு அலச வேண்டும். நம் வீடுகளில் அரிசியில் கல் அரிக்கும் அதே கைப்பாங்குதான், இங்கே அடியில் தங்குவதுதான் நமக்கு வேண்டியது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, அபடைட் 3.2, டைட்டனைட் 3.5, சிர்கானும் இல்மனைட்டும் 4.7ஐ ஒட்டி, மோனசைட்டும் மேக்னடைட்டும் 5க்கு மேல். கனமானவை சுலபமாகத் தங்கிவிடும், அபடைட்தான் குவார்ட்ஸோடு சேர்ந்து ஓடப் பார்க்கும். அதனால் கடைசி ஓட்டத்தை இன்னொரு பாத்திரத்தில் பிடித்து மறுபடியும் அலசுங்கள். ஆய்வகத்தில் புரோமோஃபார்ம் போன்ற கனத் திரவத்தில் போட்டு நொடியில் பிரிப்பார்கள். அது நச்சு, வீட்டில் அந்த ஆசையே வேண்டாம்.

காய்ந்ததும் பயோடைட் தொல்லை. தகடு தகடாக இருப்பதால் தண்ணீரில் அது எடைப்படி நடந்துகொள்வதில்லை, எல்லாவற்றோடும் கலந்து நிற்கும். இதற்கு ஒரு சுலப வழி: சொரசொரப்பான காகிதத்தைச் சரிவாகப் பிடித்து, மேலே கொட்டி, அடியில் லேசாகத் தட்டினால் உருண்டை மணிகள் ஓடிவிடும், தகடுகள் காகிதத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

இப்போது காந்தம் இரண்டு கட்டமாக. முதலில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பலவீனமான ஃபெரைட் காந்தம், பிளாஸ்டிக் பைக்குள் போட்டு. இதற்கு வருவது மேக்னடைட் மட்டும்தான். இரண்டாம் எண் பையில் கறுப்பு மீசை போல ஒட்டியது, மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. அடுத்து வலுவான நியோடிமியம் காந்தத்தை மணிகளுக்கு மிக அருகில், தொடாமல் நகர்த்த வேண்டும். இல்மனைட் முதலில் துள்ளி வரும், பின்னால் மிச்ச பயோடைட், ஹார்ன்பிளெண்ட் (கால்சியம் கொண்ட கறுப்புக் கனிமம்), அல்லனைட், கடைசியாகச் சோம்பலாக மோனசைட். சிர்கானும் அபடைட்டும் வரவே வராது, டைட்டனைட்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இப்படி ஒவ்வொரு பையும் மூன்று சின்னப் பொட்டலமாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் விளக்கு. வடிகட்டி இல்லாத குறுஅலைப் பாதரச விளக்கு, அதாவது 254 நானோமீட்டர் புற ஊதா வரும் கிருமிநாசினி விளக்கு. இதன் கீழே சிர்கான் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிர்கிறது, மோனசைட் பச்சையாகத் தெரிகிறது. சிர்கான் உண்மையிலேயே ஒளிர்கிறது. மோனசைட்டின் பச்சை வேறு சங்கதி: அதிலுள்ள நியோடிமியம் பாதரச ஒளியின் மஞ்சள் கோட்டை விழுங்கிவிடுவதால் பச்சைக் கோடு மட்டும் திரும்பி வருகிறது. பகல் வெளிச்சத்தில் மங்கிய தேன் நிறத்தில் இருந்த மணி விளக்குக்கு அடியில் பச்சையானால் அது மோனசைட் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த விளக்கு கண்ணையும் தோலையும் பொசுக்கும், கண்ணைச் சுற்றிலும் மூடும் பாலிகார்பனேட் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் போடக் கூடாது. மணிகளைக் கண்ணாடித் தகட்டால் மூடி வைத்தால் ஒன்றுமே தெரியாது, சாதாரணக் கண்ணாடி அந்த அலைநீளத்தை விடாது. யுரேனியம் தன் கதிரால் சிதைத்துப்போட்ட சிர்கானும் ஒளிராது, ஆகவே ஒளிராததெல்லாம் சிர்கான் இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முதல் எண் பையில் பச்சை மணிகள் நிறைய. டைட்டனைட் ஒன்றுகூட இல்லை. அந்த மோனசைட்டைத் தவிர, காந்தத்துக்கு வந்தது இல்மனைட்டும் பயோடைட்டும் மட்டும். அபடைட் தனித்தனியாகக் கொழுத்த மணிகளாக இருந்தது, இதுவும் எஸ் வகைக்கு ஓர் அடையாளம், ஏனென்றால் அலுமினியம் மிகுந்த குழம்பில் பாஸ்பரஸ் அதிகம் கரைந்து நிற்கும், தாமதமாகத்தான் அபடைட் வெளியே வரும். ஐ வகையில் அது சீக்கிரமே ஊசி ஊசியாக உருவாகி ஹார்ன்பிளெண்டுக்கும் பயோடைட்டுக்கும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அந்தப் பையின் சிர்கானை நுண்ணோக்கியில் பார்த்ததுதான் இந்த வேலையில் கிடைத்த பெரிய சந்தோஷம். மணிகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் உட்புறம் தெளிகிறது. பல மணிகளில், கூர் முனை கொண்ட படிகத்துக்கு நடுவே உருண்டு தேய்ந்த இன்னொரு மணி, லேசாக வேறு நிறத்தில். அது பழைய மணல். ஏதோ ஒரு மலையிலிருந்து கழன்று, ஆற்றில் உருண்டு, கடலடியில் படிந்து, பாறை உருகியபோதும் தான் கரையாமல் தப்பித்து, மேலே புது சிர்கான் பூசிக்கொண்டு வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டன் குழு கட்டிய ஷ்ரிம்ப் என்ற அயனிக் கருவியால் இப்படிப்பட்ட உள்மணிகளைத் தனியாகக் காலம் கணித்திருக்கிறார்கள். கிரானைட் சுமார் 43 கோடி ஆண்டு பழசு, உள்ளே இருப்பவற்றில் பல 50 முதல் 60 கோடி, இன்னொரு கூட்டம் 100 கோடி ஆண்டையொட்டி. சுற்றியுள்ள, கிரானைட்டைவிடப் பழைய ஆர்டோவிசியன் காலத்துப் படிவுப்பாறையின் சிர்கானிலும் இதே இரண்டு கூட்டம்தான். வேறென்ன சாட்சி வேண்டும்?

இரண்டாம் எண் பை இதற்கு நேரெதிர். ஆப்பு வடிவத்தில் தேன்பழுப்பு டைட்டனைட், புதுக்கல்லிலேயே கைலென்ஸில் தெரிந்தது. தார் போலப் பளபளக்கும் கறுப்பு அல்லனைட்டும் இருந்தது. அல்லனைட்டைக் கல்லிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி, அதைச் சுற்றி ஃபெல்ட்ஸ்பாரில் ஆரஞ்சு கறையும் வெளிநோக்கிப் போகும் நுண்விரிசல்களும் தேடுவது. அதிலுள்ள தோரியத்தின் கதிர் தன் படிகத்தையே சிதைத்து ஊதச் செய்கிறது, அக்கம்பக்கம் விரிகிறது. சிர்கான் தெளிந்த ஊசிகள், உள்மணி தென்பட்டது மிகக் குறைவு. ஐ வகை என்று யோசிக்காமல் எழுதினேன்.

மனைவி தாளைக் காட்டினார். முதல் பை கூமா, இரண்டாவது பெம்போகா. கூமா கிரானோடையோரைட் (கிரானைட்டின் நெருங்கிய உறவு) எஸ் வகையிலும் ஓர் அதீதம்: சுற்றிலும் உள்ள பாறையில் ஆண்டலுசைட், சில்லிமனைட் என்று வெப்பம் ஏற ஏற மாறும் வளையங்கள், நடுவில் கிரானைட். படிவுப்பாறை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே உருகியது என்று சொல்லத்தக்க இடம். ஜெர்மேன் ஜாப்ளின் 1942லேயே இந்தப் பகுதியை விவரமாக எழுதிவிட்டார். பெம்போகா, பெகா பத்தோலித்தின் (பூமிக்கடியில் இறுகிய பெரும் கிரானைட் திரளின்) மிகப் பெரிய ஐ வகை உடல்களில் ஒன்று. ஐ வகையைக் கல் உடைக்காமல் பார்க்க ஆசைப்படுபவர்கள் சிட்னி துறைமுகப் பாலத்தின் கோபுரத் தூண்களைப் பார்க்கலாம், மொருயாவிலிருந்து வந்த கிரானைட், இடையிடையே கருந்திட்டுகள்.

ஊரில் இதைச் செய்யலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். செய்யலாம், ஆனால் இடம் பார்த்து. பல்லாவரம் சார்னோகைட் போன்றவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்தவை. அங்கே மோனசைட் இருந்தால் அது மாக்மாவில் பிறந்ததா, உருமாற்றத்தில் பிறந்ததா என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. மணவாளக்குறிச்சி மணல் வேண்டுமானால் விளக்குச் சோதனைக்குப் பழக நல்லது, மோனசைட், சிர்கான், இல்மனைட் எல்லாம் ஒரே பிடியில். ஆனால் அலை வாரிக் கலந்ததில் பூர்வீகம் தேட முடியாது.

ஏ வகையும் உண்டு, 1979ல் லாய்செல், வோன்ஸ் இருவரும் பெயர் வைத்தது. அதிக வெப்பத்தில் வந்ததால் சிர்கோனியம் மிகுதி, கடைசியில் மிஞ்சிய இடைவெளிகளில் ஃபுளோரைட். இங்கே காபோ தீவில் இருக்கிறது. என் பைகளில் அது இல்லை, விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் எண் பைதான் வம்பு. காந்தம் அசையவில்லை, டைட்டனைட் இல்லை, ஹார்ன்பிளெண்ட் இல்லை, இரண்டு மூன்று பச்சை மணிகூட இருந்தன. பட்டியலை மட்டும் வைத்து முடிவு கட்டுபவர் எஸ் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆனால் காந்தம் சொல்வது மாக்மாவின் ஆக்சிஜன் நிலையைப் பற்றி, மூலத்தைப் பற்றி இல்லை. ஜப்பானின் சான்யோ பட்டையில் ஐ வகை கிரானைட்டுகளே இல்மனைட் வரிசையில் வருகின்றன, இஷிஹாராவின் இரண்டு வரிசையும் சாப்பல், வைட் வகைகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. டைட்டனைட் இல்லாததும் சாட்சியாகாது. கிரானைட் மாக்மா படிகமாகிப் படிகமாகி கடைசிக் குழம்பாக வெளுக்கும்போது எந்த வகையாக இருந்தாலும் கால்சியம் தீர்ந்துதான் போகும், அந்த நிலையில் ஐ வகையிலும் கொஞ்சம் மோனசைட் வரும்.

அதனால் இல்லாதவற்றை விட்டுவிட்டு இருப்பவற்றைக் கூட்டிப் பார்த்தேன். அபடைட் மிகக் குறைவு, இருந்ததும் பொடி. எஸ் வகையில் மாக்மா வெளுக்க வெளுக்கப் பாஸ்பரஸ் கூடும், ஐ வகையில் குறையும் என்பது இந்த லாக்லன் பட்டைப் பாறைகளில் (தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மடிப்புப் பட்டை) சாப்பல் தெளிவாகக் காட்டியது, ஆகவே வெளிறிய கல்லில் அபடைட் பஞ்சம் ஐ பக்கம் சாய்கிறது. காந்தப் பொட்டலத்தில் தேடித் தேடி எடுத்த சில அல்லனைட் மணிகள், அதே பக்கம். எஸ் வகையில் எதிர்பார்க்கும் அலுமினியக் கனிமங்களான கார்டியரைட்டோ கார்னெட்டோ எதுவும் இல்லை. சிர்கான் உள்மணிகள் சில உண்டு, கூமா அளவுக்கு இல்லை. உள்மணியை மட்டும் நம்பவும் முடியாது: குழம்பு சிர்கோனியத்தால் நிறைந்து, வெப்பமும் குறைவாக இருந்தால் எந்த மூலத்தின் பழைய சிர்கானும் கரையாமல் தங்கும்.

பெர்ரிடேல் பத்தோலித்தின் ஊடேயே ஐ, எஸ் எல்லைக்கோடு ஓடுகிறது, சில கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தால் விடை மாறியிருக்கும். நியூ சவுத் வேல்ஸ் புவியியல் துறையின் இணைய வரைபடத்தைக் கடைசியில் திறந்து பார்த்தேன், ஐ என்றுதான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. டோனி கெம்ப் குழு 2007ல் இதே வட்டாரத்து ஐ வகைகளின் சிர்கானில் ஹாஃப்னியம், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து, அவற்றிலும் படிவுப்பாறையின் பங்கு கலந்திருக்கிறது என்று காட்டிவிட்டது. எவ்வளவு கலப்பு என்பதைத் தட்டும் காந்தமும் சொல்லாது. இப்போதைக்குப் பொட்டலத்தில் "ஐ, வெளிறியது, கேள்விக்குறி" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து அதே கல்லின் புதுத்துண்டை எபாக்சியில் ஒட்டி, சிலிக்கன் கார்பைடு தூளால் 30 மைக்ரான் வரை தேய்த்து மெல்சீவலாக்கி, அபடைட் பயோடைட்டுக்குள் சிக்கியிருக்கிறதா வெளியே தனியாக நிற்கிறதா என்று பார்க்கணும். ஏற்கெனவே மெல்சீவல் தேய்த்தவர்கள் கடைசி 10 மைக்ரானில் கல் கண்ணாடியிலிருந்து உரிந்து வராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.